பஞ்சாட்சரம் அறையில் எரிந்த பல்பு

மாதையன் நெல்லிவாசல்நாட்டு மலைக்காரன். மலைமேல் அரசாங்கம் கட்டிய மூன்று மாடிப் பயிற்சி மாளிகையில் தினக்கூலிக் காவலாளி. குளிரில் பல் தந்தியடிக்கும் ஊரில், அறைக்கு இரண்டு மின்விசிறி மாட்டிய மாளிகை அது. வேலூரிலிருந்து அதிகாரி வந்து ‘மின் சிக்கனம் திருப்தி’ என்று எழுதிவிட்டால் மாதையனுக்கு வேலை நிரந்தரம்.

சிக்கனத்தை அவனுக்குப் போதித்தவர் மேனேஜர் பஞ்சாட்சரம். “மாதையா, இங்க நீ ஒரு பல்பை அணைச்சா எங்கியோ கரி மிச்சம்டா. வானத்துல புகை கொறையும்” என்பார். சொன்னதோடு நில்லாமல் வராந்தா, குளியலறை, மாடிப்படி என்று பல்புகளைக் கழற்றிக்கொண்டே போனார். வானம் தெளிந்ததோ இல்லையோ, ஒரு சாயங்காலம் அந்த மாடிப்படியிலேயே இருட்டில் உருண்டார். அவர் அறையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். சற்றைக்கெல்லாம் உயிர் போய்விட்டது. உடலை ஜீப்பில் ஏற்றிப் போளூருக்கு அனுப்பினார்கள்.

உயிர் பிரிந்த இடத்தில் கருமாதிவரை விளக்கு அணையக்கூடாது என்பது மாதையன் வீட்டு வழக்கம். எண்ணெய் விளக்கு வைக்கலாமென்றால், கட்டடத்துக்குள் நெருப்புக் கூடாது என்று பஞ்சாட்சரமே போட்ட உத்தரவு சுவரில் தொங்கியது. மாதையன் யோசித்தான், பல்பைப் போட்டான். மூன்று மாடியும் இருண்டு கிடக்க, சிக்கனத்துக்கே உயிரைக் கொடுத்தவரின் காலி அறை மட்டும் இரவு பகலாகப் பளிச்சென்று எரிந்தது.

அதிகாரி கோபால்சாமி அந்த வாரம்தானா வரவேண்டும்?

“அந்த ரூம்ல யாருய்யா?”

“மேனேஜர் ஐயா இருக்காருங்க.”

“கூப்பிடு.”

“செத்துப்போய்ட்டாருங்க.”

“சரி, லைட்டை அணை.”

“என்னால ஆவாதுங்க. கருமாதி வரைக்கும் அணைக்கக் கூடாதுங்க.”

அதிகாரி தன் டிரைவர் தேவராஜைப் பார்த்தார். அவன் கண்ணமங்கலத்துக்காரன், மலை வழக்கம் எதுவும் அவனைக் கட்டாது.

“வூட்ல மாசமா கீறாங்க சார். எனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?”

கடைசியில் கோபால்சாமியே சுவிட்சில் விரலை வைத்தார். காலிக் கட்டிலைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார். அதே விரலால் பேனாவைப் பிடித்து, ‘ஆளில்லா அறையில் விளக்கு. காவலாளி நிரந்தரத்துக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதினார்.

“தப்பா நெனைக்காத மாதையா. எரியறதை எரியலைன்னு எப்படி எழுதறது?”

“நீங்க இன்னா செய்வீங்க, பாவம்” என்றான் மாதையன்.

அதிகாரியின் ஜீப் முதல் வளைவு திரும்பியிருக்காது, மலை முழுக்கக் கரண்ட் போனது. மாதையன் இருட்டில் சுவிட்சைத் தடவிப் பார்த்தான். போட்டது போட்டபடியேதான் இருந்தது.

கருமாதி முடியும்வரை கரண்ட் வரவில்லை. கட்டடத்தின் அந்த மாதச் சிக்கனத்தைப் பாராட்டி வேலூரிலிருந்து கடிதம் மட்டும் வந்தது, பஞ்சாட்சரத்தின் பெயருக்கு.