சஜீவனியின் இரும்பு மாத்திரை

பவுலினா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகம் போய், பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். புது மருந்தொன்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன்பே, அது குடலைத் தாண்டி இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்று கணினியில் கணித்துச் சொல்வது அவள் வேலை. விழுங்கியதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக்கூடப் பாடம் எடுப்பாள். கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே, அந்த லயத்திலிருந்து வேறு யார் அப்படிப் போனார்கள்?

தங்கை சஜீவனி கொழுந்து பறிப்பவள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மறுபடி கருத்தரித்தபோது இரத்தம் மிகவும் குறைவு என்றார்கள். இதையும் இழந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று பவுலினா தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள்.

இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்று மருத்துவமாது சொல்லியிருந்தார். அக்கா அதில் கண்டிப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் தங்கைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். சஜீவனிக்குக் குமட்டும். பாவமே என்று, வாய்க் கசப்புப் போக, உடனே ஒரு கோப்பை பால் விடாத சாயத்தண்ணீரையும் அக்காவே ஆற்றிக் கொடுப்பாள். தோட்டத்தில் அது இல்லாமல் யாருக்குப் பொழுது விடிகிறது?

மாதங்கள் போயின, இரத்தம் ஏறவில்லை. உதடு வெளுத்தது. லயத்துப் படி ஏறவே மூச்சு வாங்கியது. கணவன் மத்தேயு மாதா கோயிலில் நேர்த்தி வைத்தான். மாத்திரையே போலி என்று பவுலினா மருந்துக்கடையில் போய்ச் சண்டை பிடித்தாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து இரத்தம் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில் பெண் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தேநீரை எடுத்தாள். தாதி கோப்பையைப் பிடுங்கினாள்.

"ஒடனே குடிச்சா மாத்திரை வீணாப் போயிரும் தங்கச்சி, ரத்தத்துல சேராது. ரெண்டு மணித்தியாலம் போகட்டும்."

பவுலினா திரும்பி அந்தக் கோப்பையைப் பார்த்தாள். தேயிலைச் சாயம் இரும்பைக் குடலுக்குள் கட்டிப்போடும் என்று பரீட்சையில் எழுதியவள் அவள். கோப்பை வேறானால் போதும் என்று இருந்துவிட்டாள், வயிறு ஒன்றுதான் என்பது தோன்றவேயில்லை. வீட்டுச் சாயத்தண்ணீரை ஒருநாளும் அவள் இரசாயனமாகப் பார்த்ததில்லை. அதைத் தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலையே சஜீவனிக்கு வலி கண்டது. பெண் குழந்தை பிழைத்தது. பிரசவத்தில் போன இரத்தத்தைத் தாங்க சஜீவனியின் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. ஏற்ற ஏற்றப் போதாமல் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, லயத்துச் சனம் சுற்றியிருக்க, மத்தேயு குழந்தையைப் பவுலினாவின் மடியில் வைத்தான். உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் நிமிர்ந்தாள். அதற்குள் அவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"நான்கூட மறந்துருவேன். அக்காதான் ஒரு நாள் தவறாம மாத்திரையும் குடுத்து, வாய்க் கசப்புக்குத் தேத்தண்ணியும் ஆத்திக் குடுத்துச்சு. பெத்தவகூட இப்புடிப் பாத்திருக்க மாட்டா."

பெண்கள் ஆமென்று தலையாட்டினார்கள். பவுலினா குழந்தையை இறுக்கிக்கொண்டு கதறினாள். தங்கைக்காக அழுகிறாள், அழட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.