பதினோராம் கேள்வி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தங்கச் சுரங்கம் மூடும்வரை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை செய்தேன். இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அட்டெண்டர்.

அங்கே ஒரு மேடம் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து பாடம் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சை அவர்களைச் சரியாக அளக்கிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காக ஒரு கணக்குத்தாள் தயாரித்து, பக்கத்துப் பூதிகோட்டையிலும் எங்கள் சுரங்கத்து ஊரிகத்திலும் ஐந்தாம் வகுப்புக்கு வைத்துப் பார்த்தார். பூதிகோட்டையில் அவரே நின்றார். ஊரிகத்தில் தாளைக் கொடுத்து, கூட நின்று, வாங்கி வந்தவன் நான்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அண்ணா, பசங்க பாத்து எழுதினாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"பதினோராம் கேள்வியில ஊரிகத்துல முக்காவாசிப் பேரு தப்பு. நல்லா படிக்கிற பசங்கதான் ஜாஸ்தி. பூதிகோட்டையில இப்படி இல்லையே."

தெரிந்த பிள்ளை சரியாக எழுதினால்தான் அது நல்ல கேள்வியாம். இதில் தலைகீழாக இருந்தது. யாராவது விடை சொல்லியிருந்தால் ஊரிகத்து விடைத்தாள் கட்டையே தள்ளிவிட வேண்டும் என்றார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பரீட்சை நடந்த அறையில் இருந்த பெரிய ஆள் நான் ஒருவன்தான்.

அதற்குள் ஆபீஸ் கிளார்க்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இன்னாண்ணா, வாயத் தொறக்கமாட்டியே, பிட்டு மட்டும் கரெக்டா பாஸ் பண்ணிட்ட போல." ஆபீசில் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மத்தியானம் கட்டைப் பிரித்துக் கேள்வியைப் படித்தேன். லிஃப்ட் நான்காம் எண்ணில் நிற்கிறது. அங்கிருந்து பத்தாம் எண்ணுக்குப் போகிறது. மேலே போனதா, கீழே போனதா?

கீழே. பிள்ளைகளும் அதையே எழுதியிருந்தார்கள். தப்பு எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

மேடத்துக்கு டீ எடுத்துக்கொண்டு படியேறும்போதுதான் சுவரில் மாடிக்கு மாடி எழுதியிருந்த எண்கள் கண்ணில் பட்டன. கீழே ஒன்று, அதற்கு மேலே இரண்டு. டீ ஆறும்வரை அங்கேயே நின்றேன்.

"மேடம், மாடிக்கு நம்பர் கீழேருந்து மேல போவுது. சுரங்கத்து லிஃப்ட்டான கேஜுக்கு நம்பர் மேலேருந்து கீழ போவும். பத்தாவது லெவல் நாலாவதுக்கு அடியில இருக்கும்."

அவ்வளவு நீளமாக அவரிடம் அதுவரை பேசியதில்லை. கரும்பலகையில் கேஜ் இறங்கும் குழியான சாஃப்டை வரைந்து காட்டினேன்.

"இந்தப் பசங்க சுரங்கத்தையே பாத்ததில்லையே அண்ணா?"

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஊரிகத்துப் பள்ளிக்குப் போய், நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"கீழதான் மேடம். பத்து இன்னா, நூறாவது லெவல்ல சட்டையே போட முடியாதாம், அவ்ளோ சூடாம். தாத்தா சொல்வாரு."

"லிஃப்ட்ல போயிருக்கியா?"

"இல்ல மேடம். இங்க ஏது லிஃப்ட்டு?"

மேடம் வெளியே வந்து, "உங்கமேல சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க அண்ணா" என்றார். நான் தலையாட்டினேன்.

கட்டு தப்பியது. பதினோராம் கேள்வியை இரண்டு ஊருக்கும் எடுத்துவிட்டார்.

"அப்போ பசங்களுக்கு அந்த மார்க்கு?"

"யாருக்கும் இல்லண்ணா. அதான் நியாயம்."

நியாயம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆபீசுக்கு வந்ததும் கிளார்க்கிடம் பதினோராம் கேள்வியைக் காட்டினேன். அவரும் சுரங்கத்துக் குடும்பம்தான். படித்துவிட்டு, "கீழ. இதப்போயி இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார்.

அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.