வெயிலில் எடை ஏறாது

பத்து மாதக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றால் எல்லோரும் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். நானும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் போதவில்லையோ, கூழை நீர்க்கக் காய்ச்சுகிறேனோ, நான் பயந்து பயந்து ஊட்டுவதால்தான் அவள் வாயை மூடிக்கொள்கிறாளோ என்று.

சேலையூரில் நாங்கள் காட்டும் டாக்டர் அம்மா குழந்தையை முழுக்கப் பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். "தவழ ஆரம்பிச்சுட்டா இல்ல? வண்டி ஓடுது, பெட்ரோல் பத்தல. மஞ்சக்கரு குடுங்க, சாதத்துல நல்லா நெய் விடுங்க. வேற ஒண்ணும் இல்லம்மா."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்களுக்குக் கீழ் வீட்டில் என் கணவரின் அக்கா குடியிருக்கிறார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பிரசவத்துக்குப் பிறகு என் துணியைக்கூடத் துவைத்துப் போட்டவர். அவர் குரோம்பேட்டையில் ஒரு எனர்ஜி வகுப்புக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் குழந்தையையும் தாம்பரத்தில் ரயிலேற்றி அங்கே கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு மேலே ஒரு ஏசி ஹால். செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் உட்கார்ந்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு நடத்தும் அம்மாளை எல்லோரும் மேடம் என்றார்கள். அவர் குழந்தையின் தலைக்கு மேலே கையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"பாப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல. அம்மாவோட பயம் பால்ல இறங்குது. அதான் எனர்ஜி பிளாக் ஆகுது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"அமாவாசை வரைக்கும் முட்டை, நெய் ரெண்டும் வேணாம். அதெல்லாம் கனமான மேட்டர். பாப்பாவைக் காலையில மொட்டை மாடி வெயில்ல உட்கார வைங்க. நாங்க இங்கிருந்து எனர்ஜி அனுப்புவோம். எனர்ஜிதானே மேட்டரா மாறுது? அதுவே உடம்பாயிடும். இது நான் சொல்றதில்ல, சயின்ஸ் சொல்றது."

"இவளே எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்தான் மேடம்" என்றார் அண்ணி பெருமையாக.

"அப்புறம் என்ன, இவங்களுக்கே தெரியுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் படித்த படிப்பை என்னிடமிருந்தே பிடுங்கி என் தலையில் அடித்த மாதிரி இருந்தது. "இல்ல மேடம், அது வேற..." என்று தொடங்குவதற்குள் செம்பு டம்ளரில் தண்ணீர் வந்துவிட்டது.

பொருளும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்பது உண்மைதான். நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒளியின் வேகம், அதுவும் வர்க்கமாக நிற்கிறது. வெறும் ஆற்றலிலிருந்து ஒரு கிலோ எடையை உண்டாக்க வேண்டுமென்றால் சென்னை முழுக்க மாதக்கணக்கில் எரிக்கும் மின்சாரத்தைக் கொட்டினாலும் போதாது. திரும்பும் ரயிலில் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டேன். சுழியங்களில் தடுமாறினேன். தடுமாறியதும், ஒருவேளை நான்தான் தப்போ என்று தோன்றிவிட்டது. அந்த அம்மாள் ஒரு சுழியம்கூடப் போடாமல் அவ்வளவு உறுதியாகப் பேசினாரே என்று நினைக்க இன்னும் எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி நேராக எங்கள் சமையலறைக்குப் போய் நெய் ஜாடியை எடுத்துக்கொண்டார். "கண்ணுல பட்டா உனக்கு மனசு கேக்காது, கீழ வச்சுக்கறேன்."

என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அமாவாசை வரைக்கும்தானே? அக்கா ஆசையா செய்யறாங்க, விடேன்."

மறுநாள் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, நான் மொட்டை மாடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் போனில் ஸ்பீக்கர் வழியே மேடம் எல்லோரையும் மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை என் மடியிலிருந்து இறங்கி, துணிக்கொடியின் நிழலைப் பிடிக்கத் தவழ்ந்து ஓடினாள். பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தால் மறுபடியும் ஓடினாள். களைத்துப்போய் என் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சு விட்டாள். சூடான மூச்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டது ஆற்றலாக மாறி மாயமாகிவிடுவதில்லை. அணுக்கள் அப்படியேதான் இருக்கின்றன. மூச்சாகவும் வியர்வையாகவும் அவை வெளியேறுகின்றன. அவை சேர்ந்திருந்த விதம் கலைந்து வேறு விதமாகச் சேரும்போது கிடைப்பதுதான் இந்தச் சூடு, இந்தத் தவழல், இந்த அழுகை. என் கழுத்தில் படுவது இரவு அவள் சாப்பிட்ட கூழ். அது போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே எதுவும் வராவிட்டால் உடம்பு தன்னையே எடுத்து எரிக்கும். எதிர்வீட்டு முருங்கை வெயிலில் வளர்கிறது என்றால், அதற்கும் காற்றும் தண்ணீரும் வேண்டும், இலை வேண்டும். என் மகளுக்கு இலை இல்லை. அவளுக்கு இருப்பது முன்னால் இரண்டு பல்.

நான் எழுந்தேன்.

"எங்க போற? இப்பதான் அனுப்பிக்கிட்டு இருக்காங்க" என்றார் அண்ணி.

"அனுப்பட்டும் அண்ணி. கதவைத் திறந்தே வைக்கிறேன், வந்தா உள்ள வரட்டும்."

முட்டையை வேகவைத்தேன். நெய் கீழே இருந்ததால், குழைந்த சாதத்தில் நல்லெண்ணெயை விட்டு மஞ்சள் கருவை மசித்தேன். பின்னாலேயே வந்த அண்ணி சமையலறை வாசலில் நின்றார். போனை அணைக்கவில்லை.

"உனக்குப் படிச்ச திமிரு. மேடம் சொன்னது பொய்யா?"

"அந்த சயின்ஸ் பொய் இல்ல அண்ணி. அத வச்சு என் புள்ளைய பட்டினி போடச் சொன்னாங்களே, அதுதான் பொய்."

"பட்டினியா? நான் இவளைப் பட்டினி போடுவேனா? என்னைப் பார்த்து அந்த வார்த்தை சொல்லிட்ட இல்ல?"

"நீங்க நல்லதுக்குத்தான் செய்யறீங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் நேத்து வாயைத் திறக்கல."

"ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

"நிக்க மாட்டேன். நெய்யை மட்டும் குடுத்துடுங்க."

அவர் படியிறங்கினார். மேடத்தின் குரல் ஒவ்வொரு படியாகத் தேய்ந்துகொண்டே போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணி மேல், அந்த அம்மாள் மேல், டிவியைப் பார்த்தபடி "விடேன்" என்று சொன்னவர் மேல். கூடவே பயமும். இனி எடை ஏறாவிட்டால் அதற்குக் காரணம் நான் மட்டும்தான் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

குழந்தையைச் சுவரோரம் உட்கார வைத்து ஊட்டினேன். முதல் வாயைத் துப்பினாள். தாடையிலிருந்து வழித்து மறுபடியும் ஊட்டினேன். என்னை முறைத்துக்கொண்டே மென்றாள். விழுங்கினாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.