ஜன்னலை மறைத்த கடல்நீர்த் தொட்டி

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அதை அடைத்துத்தான் என் கணவர் கடல்மீன் தொட்டியை வைத்தார். பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் வந்திருந்தபோது ஆசை ஆசையாக உப்புத் தண்ணீர் கலந்து, பாறைக் கற்களை அடுக்கி, மதுரைக் கடையில் இரண்டு கிளவுன் மீன்களும் ஒரு மாண்டரின் மீனும் வாங்கி விட்டார். மாண்டரின் விரல் நீளம்தான். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் நெளியும். லீவு முடிந்து அவர் பனிமலைக்குப் போய்விட்டார். தொட்டியோடு நான் இருந்தேன்.

தண்ணீர் சூடாகக் கூடாது, வற்றி உப்பு ஏறக் கூடாது, தண்ணீரைச் சுழலவைக்கும் மோட்டார் நிற்கக் கூடாது. வெயில் படாமலிருக்கத் திரையை இழுத்தே வைத்திருந்தேன். பகலிலும் விளக்கு எரிந்தது. கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் திரும்பினேன். தொட்டியால் படும் பாட்டை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. வீடியோ காலில், "தொட்டிப் பக்கம் காட்டு" என்பார். அங்கே எங்கு திரும்பினாலும் வெள்ளைதானாம். மீன்களைப் பார்த்ததும் அவர் முகம் இளகும். அதற்குப் பிறகு என்ன சொல்வது?

ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அத்தான் போலீஸ், தேர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நான்தான். பொழுது சாயுமுன் பஸ் ஏறிவிடுவேன். தேரன்று மதியம் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள்.

"காத்துல மரம் விழுந்து கரண்டு கம்பி அறுந்துருச்சுக்கா. உங்க இன்வெர்ட்டர் கத்திக்கிட்டே கெடக்கு."

அக்காவுக்கு அப்போது வலி கூடியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"போ. நர்சம்மா இருக்காவ," என்றாள்.

"செத்த நேரத்துல வாரேன்க்கா."

அவள் கையை விட்டாள்.

தேர்க் கூட்டத்தால் பஸ்களை வேறு வழியில் திருப்பியிருந்தார்கள். ஊருக்கு வெளியே வரை நடந்து ஓர் ஆட்டோ பிடித்தேன். வீட்டில் மோட்டார் நின்றிருந்தது. கிளவுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரில் காற்றுச் சேர, மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். தோள் விட்டுப்போனது. கரண்டு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அன்று அக்காவிடம் திரும்பிப் போக முடியவில்லை.

அத்தனை நேரம் பக்கத்தில் நின்றதில்தான் மாண்டரினின் வயிறு ஒட்டிப்போயிருப்பதைக் கண்டேன். கல்லில் ஊரும் நுண்ணிய பூச்சிகளை மட்டுமே அது தின்னும். எங்கள் சின்னத் தொட்டியில் அவை தீர்ந்துபோயிருந்தன. ஃப்ரீசர் இறாலை அது திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். "மாண்டரின் பட்டினியா கெடக்குங்க. அது சாகுறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது. கடையிலயே குடுத்துரப் போறேன்."

தொட்டியை ஒரு முறை காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி, குடுத்துரு. மத்த ரெண்டையும் வச்சுக்கோ. எனக்குப் பாக்க ஏதாவது வேணும்ல," என்றார்.

தெர்மாக்கோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தம்முடைய பெரிய பழைய தொட்டியில் விட்டார். சில நாள் கழித்து, அது கல்லில் பூச்சிகளைக் கொத்தித் தின்னும் வீடியோவை அனுப்பினார். என் கணவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம்.

அக்கா டிஸ்சார்ஜ் ஆனதும் நான் அவள் வீட்டில் போய்த் தங்கியிருக்க வேண்டும். தொட்டியை விட்டுப் போக முடியாததால் அவளை இங்கே அழைத்து வந்தேன். ஹாலில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே, "ஏட்டி, இங்க மூச்சு முட்டுது. என்னைய எங்க வீட்டுலயே விட்டுரு," என்றாள். அத்தான் கார் எடுத்து வந்தார். அவளைக் கைத்தாங்கலாக வாசல்வரை கொண்டுபோய் ஏற்றினேன்.

"நீயும் வாரியா?" என்று கேட்டாள்.

"பொறவு வாரேன்க்கா," என்றேன். கார் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து, தொட்டியில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தேன்.