பதினொரு கோட்டும் ஒரு சேற்றுத்திட்டும்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வைத்த மடிப்பின்மேல் உட்கார்ந்த ஈ ஒன்று இரண்டாகப் பிளந்து விழுந்ததாக ஊழியர்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டு பாதியும் தனித்தனியாகப் பறந்துபோயின என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

அக்காவுக்கு வாய்ச்சண்டை வராது. பொறுமை வரும், அதுதான் பயங்கரம். இரண்டாம் வகுப்பில் ஒருத்தி அவள் பின்னலை மேசைக்காலில் கட்டிவைத்தாள். இருபது வருடம் கழித்து அந்தத் தோழியின் கல்யாண உடுப்பு இஸ்திரிக்கு வந்தது. அக்கா போட்ட கஞ்சியில் மணப்பெண் சாயங்காலம்வரை உட்கார முடியாமல், நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் சூப்பர்வைசர் சீண்டினான். மச்சினன் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், அக்கா டீ குடிக்கப் போன நேரம், தன் பேன்ட்டை பிரஸ் மெஷினில் தேய்த்தான். கைப்பேசி மணி அடித்தது. பேன்ட்டை உருவிக்கொண்டு, அங்கிருந்த டாக்டர் கோட்டுகளின்மேல் சூட்டுத்தட்டை இறக்கிவிட்டுப் பேசப் போய்விட்டான். பதினொரு கோட்டு கருகின. அறிக்கையில் அக்கா பெயரை எழுதினான். அவள் சொன்னதை நம்பப் பிரிவின் மேலதிகாரியான மேடத்துக்குச் சாட்சி வேண்டியிருந்தது. பக்கத்தில் வேலை செய்த எட்டுப் பேரும் அன்றைக்குப் பார்த்துத் தங்கள் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அக்காவை அடித்தளத்துக்கு, ரத்தமும் சீழும் படிந்த துணிகளைப் பிரிக்கும் ஜன்னலில்லாத அறைக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடத்து நல்ல பெயர் ஒரே நாளில் புகைந்துபோயிற்று.

"விட்டுத் தொலைம்மா, சம்பளம் வருதில்ல?" என்றார் புருஷன்.

"நீங்க தூங்குங்க," என்றாள் அக்கா.

பதினொரு மாதம் கழித்து, வசந்தம் பிறந்ததும், ஊழியர்களை ஓடையில் கயாக் ஓட்ட அழைத்துப்போவதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். படகுக்கு இரண்டு பேர். சூப்பர்வைசர் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட யாருக்கும் மனமில்லை. அக்கா போட்டாள். அதற்கு முன்னாலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், படகுக்காரப் பெண்ணிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். கடலை ஒட்டிய அந்த ஓடையில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"முன்னாடி நான்தான் உட்காருவேன்," என்றான் சூப்பர்வைசர் கரையிலேயே.

"பின்ன? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல சார்," என்றாள் அக்கா. கயாக்கைத் திருப்புவது பின்னால் இருப்பவர் கையில் என்று படகுக்காரப் பெண் விளக்கியபோது அவன் கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஓடை கண்ணாடியாகக் கிடந்தது. இரு கரையிலும் புதுத்தளிர். ஒருவர் இருமினால் அடுத்த வளைவில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அமைதி. அவன் வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டான். அக்கா தன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டபோது மட்டும் நுனியால் தண்ணீரைத் தொட்டாள்.

"அக்கா, நீங்களும் போடுறீங்கல்ல?"

"கை கழண்டுபோகுது சார்."

மற்றவர்கள் ஓடையில் மேலே போனபின், "அந்தப் பக்கம் போனா போட்டோ ராஜா மாதிரி வரும்," என்று சொல்லிப் படகை நடுவில் தண்ணீருக்கடியில் இருந்த சேற்றுத்திட்டின்மேல் ஏற்றினாள். அவன் பல கோணத்தில் படமெடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. சுற்றிலும் கறுப்புச் சேறு. ஒரு காலை வெளியே வைத்தான். முழங்கால்வரை போயிற்று. கால் திரும்பி வந்தது, ஷூ வரவில்லை.

"துடுப்பைக் குடுங்க, நான் உந்திப் பார்க்கிறேன்," என்றாள் அக்கா. கொடுத்தான். இப்போது இரண்டும் அவளிடம்.

"சார், அந்தப் பதினொரு கோட்டு ஞாபகம் இருக்கா?"

அவன் கழுத்தைத் திருப்பிச் சிரித்தான். "அட, அதையா இன்னும் சுமக்கிறீங்க? அதான் எல்லாருக்கும் தெரியுமே!"

"எல்லாருக்குமா?"

"மேடத்தைத் தவிர. நான் மெஷினை விட்டுட்டுப் போனதை அந்த எட்டுப் பேரும் பார்த்தாங்கக்கா. அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

அவர்கள் பயந்து வாயை மூடினார்கள் என்றல்லவா அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! சிரித்திருக்கிறார்கள்.

வளைவில் குரல்கள் கேட்டன. ஆழமான பக்கம் வழியாகப் படகுகள் திரும்பிவந்தன. முதல் படகில், படகுக்காரப் பெண்ணுக்கு முன்னால், மேடம்.

"சொல்லுங்க சார். சத்தமா."

"விளையாடாதீங்க. துடுப்பைக் குடுங்க."

அக்கா ஒரு துடுப்பை எடுத்துச் சேற்றில் எறிந்தாள். அது மெதுவாக மூழ்குவதை இருவரும் பார்த்தார்கள். அடுத்ததையும் ஓங்கினாள்.

"மேடம்!" என்று அவன் அலறினான். "கோட்டைக் கருக்கினது நான்தான்! அக்கா இல்லை!"

நீர்ப்பரப்பு அந்தக் குரலைக் கடைசிப் படகுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மேடம் கையைத் தூக்கினார். எல்லாப் படகும் நின்றன.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னான், இந்தமுறை பேன்ட்டையும் சேர்த்து.

மேடம் பின்னால் திரும்பி, "வேற யாருக்கெல்லாம் இது தெரியும்?" என்றார். எட்டுப் பேரும் துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீரை எண்ணத் தொடங்கினார்கள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"திங்கட்கிழமை நீ மேலே வந்துடும்மா. தப்பு என் பேர்லயும் இருக்கு."

"வரேன் மேடம். அந்த அழுக்குத்துணி ரூமுக்கு யாரு போவாங்க?"

மேடம் அந்த எட்டுப் பேரையும் ஒரு முறை பார்த்தார். "நீயே சொல்லு."

"அங்க போகப்போறது நான் ஒருத்தன் தானேக்கா…" என்று முன்னால் முனகல் கேட்டது.

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. துடுப்பை மடியில் கிடத்தி, முந்தானையை உதறிச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அவசரமே இல்லை மேடம். தண்ணி ஏற இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றாள். பிறகு முதல் படகுக்கு அடுத்ததிலிருந்து ஆரம்பித்து, அந்த எட்டு முகத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.