எட்டில் ஒன்று சொத்தை

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் அடுக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் மெமரிக்கான சிப் என்னும் மெல்லிய சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டும் இயந்திரத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. கொள்ளளவு சிறியது என்றால் இரண்டு அடுக்கு, பெரியது என்றால் எட்டு. மூச்சு பட்டாலே சில்லு பறந்துவிடும் என்று வீட்டில் சொல்வாள். "நீ வாயைத் திறக்காம இருக்கற ஒரே இடம் அதுதானா?" என்பார் தையல்காரரான அவள் கணவர்.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு அடுக்குல பத்துக்கு ஒண்ணுதான் வீணாகுது. எட்டு அடுக்குல மூணுக்கு ஒண்ணு போகுது. பெரிய மெமரி மட்டும் ஏன் இவ்வளவு விலைன்னு வாங்கறவங்க என்னைக் குடையறாங்க. உங்க கைதான் சரியில்லையோன்னு தோணுது."

"ரெண்டு நாள் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாளும் சாப்பாட்டு இடைவேளையில் சோதனை அறையில் உட்கார்ந்து, அந்த வாரம் வீணான அறுபது அடுக்குகளையும் சோதித்தாள். எந்தச் சில்லு செத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தாள். மூன்றாம் நாள் தாளை மேலாளரிடம் நீட்டினாள்.

"நான் அழுத்தி உடைச்சிருந்தா மேல இருக்கறதுதான் போயிருக்கணும் சார். இங்க பாருங்க, அடியில, நடுவுல, எல்லா இடத்துலயும் இருக்கு. ஒட்டின மொத்தச் சில்லையும் சேத்துக் கணக்குப் போட்டா, நம்மகிட்ட வரும்போதே நூத்துக்கு அஞ்சு சொத்தை. ரெண்டு அடுக்குன்னா பெரும்பாலும் தப்பிச்சிடும். எட்டுன்னா எங்கயாவது ஒண்ணு மாட்டிக்கும். ஒட்டினதைப் பிரிக்க முடியாதே! நல்லா இருக்கற ஏழும் அதோட சேந்து குப்பைக்குத்தான்."

"ஒட்டறதுக்கு முன்னாடியே பிடிக்க முடியாதா?"

"பிடிக்கலாம். ஒவ்வொண்ணையும் சூடாக்கிச் சோதிக்கணும். அதுக்குத் தனியா மிஷினு, ஆளு, நேரம். அந்தச் செலவும் மெமரி தலையிலதானே சார் விழும்?"

மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். நம்பாமல் மறுபடியும் தட்டினார். இரண்டு தடவையும் எட்டு அடுக்குக்கு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்றே வந்தது.

"உங்க மேல தப்பில்லம்மா. நான்தான் அவசரப்பட்டு வார்த்தையை விட்டுட்டேன்."

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றாள். சிரிப்பு வந்தது.

வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. வெயிலில் திரும்பி நடந்தாள். கொஞ்சமும் எரிச்சல் வரவில்லை.