செல்லமுத்துவின் சீனத்துத் தேத்தண்ணிச் சாமான்

நான் அப்போதே சொன்னேன். இந்த மனுஷன் போகும்போதும் நமக்கு ஒரு தலைவலியை வைத்துவிட்டுத்தான் போவான், அதுவும் அந்தச் சீனத்துப் பெட்டியால்தான் வரும் என்று. யாரும் கேட்கவில்லை. நுவரெலியா மார்க்கட்டில் லீக்ஸ் கட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லெச்சுமியிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, அவரு போயிட்டாருங்க” என்றாள். லெச்சுமி என் சித்தப்பா மகள். செல்லமுத்து அவள் புருஷன், எனக்கு மச்சான், டயகமப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் என்னோடு ரோலர் மெஷினில் நின்றவன். லீக்ஸை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பெட்டி வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் தெரியும். ஃபேக்டரி பார்க்க வந்த சீனாக்காரர் ஒருவரின் வேன் வளைவில் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டது. நானும் செல்லமுத்துவும் தள்ளினோம். உண்மையைச் சொன்னால் தள்ளியது நான், மச்சான் கை வைத்திருந்தான். அந்த மனிதர் நன்றிக்கு ஒரு பெட்டியைத் திறந்து, ஃபேக்டரி மேசையிலேயே தேத்தண்ணி போட்டுக் காட்டினார். தண்ணீர் வடிய இடைவெளி விட்ட மூங்கில் தட்டு, பிடியில்லாத மூடிக் கிண்ணம், எல்லோருக்கும் ஒரே திடத்தில் ஊற்ற ஒரு கண்ணாடிக் குவளை, கட்டைவிரல் அளவில் ஆறு கோப்பைகள், சூடான கோப்பையைத் தூக்க ஒரு மர இடுக்கி. கூடவே களிமண்ணில் ஒரு தவளை. முதல் தண்ணீரை அவர் குடிக்கவில்லை, தவளையின் தலையில் ஊற்றிவிட்டுச் சிரித்தார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிந்தது. பெட்டியை மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை லயத்தில் அவன் வீட்டுக்குப் போனால், தவளைக்குத் திருநீறும் சந்தனமும் வைத்திருக்கிறான். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பலகை. முதல் தண்ணீர் அதற்கு அபிஷேகம்.

நானுஓயாவில் சுற்றுலாக்காரர்களை அழைத்துப் போகிறவரிடம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன். “மச்சான், அது சாமி இல்ல. சும்மா அழகுக்கு வக்கிற பொம்மையாம்.”

“பொம்மைக்கு எவனாவது முதல் தண்ணி ஊத்துவானா?”

“அந்த மனுஷன் கும்பிடலயே.”

“நீ கூடத்தான் கோயிலுக்கு வந்து கும்பிடுறதில்ல. கத பேசிட்டுப் போற. அதுக்காக உள்ள இருக்குறது சாமி இல்லயா?”

இவனோடு எப்படிப் பேசுவது?

அவன் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிப்பதென்றால் ஒரு மணி நேரம். ஒரு நாள் அடைமழையில் நடுங்கிக்கொண்டு போய், “ஒரு பிளேன்டீ குடு மச்சான்” என்றேன். கோப்பைகளைச் சுடுதண்ணீரில் கழுவினான், கொட்டினான். மூடிக் கிண்ணத்தைக் கழுவினான், கொட்டினான். லயத்துக்குப் பின்னால் நின்ற நாலு செடியில் கிள்ளி, கையால் உருட்டிக் காயவைத்த இலையைப் போட்டான். விரல் சுட்டு “ஸ்ஸ்” என்றான். தவளைக்கு ஊற்றினான். அதற்குள் என் சட்டையே காய்ந்துவிட்டது. கடைசியில் என் கைக்கு வந்தது ஒரு மடக்குக்கும் குறைவு. வழக்கம்போல உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டான். “சீனிய நக்கிட்டுக் குடிச்சா நாக்கு பொய் சொல்லும் மச்சான்” என்றான். அவசரப்பட்டால் இன்னொன்று சொல்வான்: “அவசரக்காரனுக்கு டஸ்ட் தூளே போதும்.” இந்த இரண்டையும் கேட்காத ஆள் நம் தோட்டத்தில் கிடையாது.

எங்களுக்கு அது எரிச்சல். லெச்சுமிக்கு அது வேறு. ஒரு நாள் அவள் மலையிலிருந்து நனைந்து வந்து, கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து இறக்கும்போது நானும் அங்கே இருந்தேன். தவளை தலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“கொழுந்து பறிச்சுப் பறிச்சு என் வெரலு வெடிச்சுக் கெடக்கு” என்றாள். “மொதத் தண்ணி தவளைக்கு, அடுத்தது வந்தவங்களுக்கு. எனக்கு எந்தத் தண்ணிங்க?”

“நீ நின்னுக்கிட்டே குடிக்கிற ஆளு. இதுக்கு ஒக்காரணும்” என்றான்.

உள்ளே போய்ச் சட்டியில் பால் தேத்தண்ணி போட்டு, அடுப்படியில் நின்றே குடித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சாமானை அவள் தொட்டதே இல்லை.

சாவு வீட்டில், சவப்பெட்டியை மூடப்போகிற நேரத்தில், எல்லாவற்றையும் ஒரு துண்டில் கட்டி எடுத்து வந்தாள். “இதையும் அவரோடயே பொதைச்சிருங்க. என்கிட்ட கடைசியா ஒரு வார்த்த சொல்லல. தவளைகிட்டயாவது சொல்லட்டும்” என்றாள். குழி வெட்டிவிட்டு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் எழுந்தேன். “தங்கச்சி, முந்தாநாள் ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சு மச்சான் சொன்னதக் கேளு. ‘அந்தச் சாமான் லெச்சுமிக்கு. இனிமே மொதத் தண்ணி அவளுக்கு. தவளை காத்திருக்கட்டும்’னு சொன்னான்” என்றேன்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யாரிடமும் கொடுக்கவில்லை. பதினாறாம் நாள், அவன் படத்துக்கு முன்னால் தட்டை விரித்து, கழுவி, ஊற்றி, பாயில் உட்கார்ந்து முதல் தண்ணீரைக் குடித்தாள். “கசக்குதுண்ணே” என்றாள். இன்னொன்று ஊற்றிக்கொண்டாள்.

மர இடுக்கியை எனக்குக் கொடுத்துவிட்டாள். செல்லமுத்துவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அப்பளம் புரட்ட வசதியாக இருக்கிறது. புரட்டும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொள்கிறேன், வாரத்துக்கு நாலு நாள்.

மச்சானின் முப்பத்தொன்றாம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரில் எழுதச் சொன்னீர்கள். அதனால் ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். லெச்சுமி இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள், கேட்கட்டும். ஆஸ்பத்திரியில் மச்சான் என் கையைப் பிடிக்கவில்லை. சாமானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நான் கட்டிய கதை. நடந்ததைச் சொன்னால் இத்தனை பெரிய தேத்தண்ணிக்காரனுக்கு மரியாதையாக இருக்காதே என்று நினைத்தேன். நடந்தது இவ்வளவுதான்: லெச்சுமி ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்பிய பால் தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்க்கவில்லை, சீனி கூடிவிட்டது என்று சொல்லவில்லை, ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு மூடி கேட்டான். அப்புறம் இன்னொன்று. “இன்னும் இருக்கா மச்சான்?” என்றான். ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினேன்.